டிமென்ஷியா (மறதி நோய்) வந்த பெற்றோருக்குப் பராமரிப்பு இடம் பார்ப்பது எப்படி, பணத்துக்கு என்ன வழி: படிப்படியாக

அம்மா ஒருநாள் குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் வெறும் அரிசியைப் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டார். தீய்ந்த வாசனைக்கு ஓடிப்போய் அணைத்தேன். "யாரு இதை வச்சது?" என்று என்னையே கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்த தேடல் இரண்டு வருஷம் நீடித்தது. கோவையிலும் சென்னையிலும் அலைந்து தெரிந்துகொண்டதை, இப்போது அதே நிலையில் இருப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் செய்த பெரிய தவறு, அம்மா அன்றைக்கு இருந்த நிலைமைக்கு ஏற்ற இடத்தைத் தேடியது. நடமாட்டம் நன்றாக இருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது, அதனால் தோட்டமும் கோயிலும் உள்ள அழகான ஒரு மூத்தோர் குடியிருப்பில் சேர்த்தோம். எட்டாவது மாதம், "இரவில் எழுந்து மற்றவர்கள் கதவைத் தட்டுகிறார், எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து நோய் எங்கே போய் நிற்கும் என்பதை வைத்துத்தான் இடம் பார்க்க வேண்டும்.

படி 1: நோயை உறுதி செய்யுங்கள்

மறதி எல்லாமே டிமென்ஷியா இல்லை. தைராய்டு குறைபாடு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் அதே மாதிரி குழப்பத்தைக் கொண்டுவரும். சிகிச்சையில் சரியாகக்கூடியவை இவை. நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பாருங்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978 முதலே முதியோர் பிரிவு இருக்கிறது. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். எந்த வகை, எந்தக் கட்டம் என்று எழுத்தில் வாங்குங்கள். பின்னால் எல்லா இடத்திலும் அந்தத் தாளைக் கேட்பார்கள்.

படி 2: கையெழுத்து போட முடிகிறபோதே பத்திர வேலையை முடியுங்கள்

இதைத்தான் பெரும்பாலான வீடுகளில் தள்ளிப்போடுகிறார்கள். "அம்மாவிடம் பவர் வாங்கி வைத்திருக்கிறோம், கவலை இல்லை" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பவர் என்றால், அவர் சார்பில் நாம் கையெழுத்துப் போட அவர் எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம். கவலைப்படத்தான் வேண்டும். நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டப்படி, பவர் கொடுத்தவர் சித்தசுவாதீனத்தை இழந்துவிட்டால் அந்தப் பவர் முடிந்துவிடும். எப்போது தேவையோ அப்போது செல்லாது. அதற்கப்புறம் வீட்டை விற்கவோ பெரிய தொகையை எடுக்கவோ, பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வரலாம்.

அதனால் ஆரம்பக் கட்டத்திலேயே வங்கிக் கணக்கை, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். எல்லா டெபாசிட்டிலும் நாமினி இருக்கிறதா என்று பாருங்கள். உயில் எழுதுவதாக இருந்தால், அவர் தெளிவோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் அதே நாளில் சான்று வாங்கிச் சேர்த்துவிடுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சிகிச்சை விஷயத்தில் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை அவரே எழுத்தில் நியமிக்கலாம். அம்மாவிடம் இதையெல்லாம் பேசுவது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அவர், "நீயே பாத்துக்கோ, ஆனா ஒரே ரூம்ல அடைச்சு வைக்காதே" என்றார். அவர் வாயால் கேட்ட அந்த ஒரு வாக்கியம், பின்னால் பல முடிவுகளை எடுக்க எனக்குத் துணையாக இருந்தது.

படி 3: எந்த வகை இடம் என்று பிரித்துப் பாருங்கள்

சீனியர் லிவிங் என்று விளம்பரம் செய்பவை பெரும்பாலும் நடமாடக்கூடிய முதியவர்களுக்கான வீடுகள். சொந்தமாக வாங்கலாம், பெரிய டெபாசிட் கட்டிக் குத்தகைக்கு எடுக்கலாம், மாத வாடகைக்கும் இருக்கலாம். டிமென்ஷியா உறுதியானபின் அப்படி ஒரு வீட்டைச் சொந்தமாக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பணம் முடங்கும், நோய் முற்றினால் அந்த வீட்டில் இருக்கவும் முடியாது. உதவியோடு வாழும் இல்லங்களில் குளிப்பாட்ட, மாத்திரை கொடுக்க ஆள் இருப்பார்கள். டிமென்ஷியாவுக்கென்றே உள்ள மையங்கள் குறைவு. பயிற்சி பெற்ற ஆட்களும் பூட்டிய வெளிக்கதவும் உள்ளே நடந்து சுற்ற இடமும் அங்கே இருக்கும். நான்காவது, சொந்த வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்ப்பது. விவரம் கேட்க மத்திய அரசின் முதியோர் உதவி எண் 14567-ஐக் கூப்பிடலாம்.

படி 4: சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள்

காலை பதினொரு மணிக்கு எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். டிமென்ஷியா உள்ளவர்களுக்கு அந்தி சாயும் நேரத்தில் பதற்றம் கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு வருவார்கள். அந்த நேரத்தில், சொல்லாமல் போங்கள்.

நான் பார்த்த ஓர் இடத்தில் ஒரு பெரியவர் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். பணியாளர் டிவியைப் பார்த்தபடியே "உட்காருங்க தாத்தா" என்று கத்தினார். அம்மா இப்போது இருக்கும் இடத்தில் அதே மாதிரி ஒரு பாட்டி வாசலுக்கு வந்தார். பணிப்பெண் அவர் கையைப் பிடித்து, "போலாம் பாட்டி, இந்தத் துணியை மட்டும் மடிச்சுட்டுப் போலாம்" என்று ஒரு கூடைத் துண்டுகளை முன்னால் வைத்தார். இருவரும் உட்கார்ந்து மடித்தார்கள். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

மூக்கையும் நம்புங்கள், சிறுநீர் வாடையும் பினாயில் நெடியும் சேர்ந்து வந்தால் யோசியுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், கட்டிலில் கட்டிப்போடுவது உண்டா, தூங்க வைக்கும் மாத்திரையை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள், படுத்த படுக்கையானாலும் வைத்துக்கொள்வீர்களா என்று நேராகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொன்னால், அந்த இடம் வேண்டாம்.

படி 5: ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள்

மாதக் கட்டணத்துக்குள் என்னென்ன அடக்கம், டயப்பர், பிசியோதெரபி, தனி அட்டெண்டர் எல்லாம் தனிக் கணக்கா என்று பாருங்கள். மருத்துவமனையில் சேர்த்தால் அந்த நாட்களுக்கும் கட்ட வேண்டுமா, அங்கே கூட இருப்பது யார்? இடையில் விலகினாலும், இறந்துபோனாலும் டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும்? ஜிஎஸ்டி சேர்த்துச் சொன்ன தொகையா என்றும் கேளுங்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லங்களில் தங்கல், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது.

வருடாந்திர உயர்வையும் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, மாதம் 50,000 ரூபாய், வருஷத்துக்கு 10 சதவீதம் உயர்வு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது வருஷம் மாதம் 73,205 ரூபாய் ஆகியிருக்கும். ஐந்து வருஷத்துக்கும் மொத்தம் சுமார் 36 லட்சத்து 63 ஆயிரம்.

படி 6: பணம் எங்கிருந்து வரும்

முதலில் மருத்துவக் காப்பீட்டை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 70 வயது ஆனவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது, கட்டாயம் வாங்கிவையுங்கள். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கு வராது.

மாத வரவுக்கு நல்ல வழி, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த வட்டிக்கு 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருஷத்துக்கு மாறாது. அதோடு ஓய்வூதியம், காலியாகும் வீட்டின் வாடகை.

வீட்டை வைத்து வங்கியில் மாதாமாதம் பணம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் பற்றியும் சொல்வார்கள். அம்மாவோ அப்பாவோ அந்த வீட்டிலேயே இருக்கும்வரைதான் அது பொருந்தும். நிரந்தரமாக இல்லத்துக்குக் குடிபோய்விட்டால் கடனைத் திருப்பிக் கேட்பார்கள். வீட்டில் ஆள் வைத்துப் பார்ப்பவர்களுக்கு மட்டும் யோசிக்கலாம்.

வருமான வரியில் பழைய முறையில் இருந்தால், டிமென்ஷியா சிகிச்சைச் செலவுக்கு மூத்த குடிமக்கள் விஷயத்தில் 1 லட்சம் வரை கழிவு உண்டு, சில நிபந்தனைகளோடு. ஆடிட்டரிடம் 80டிடிபி பிரிவு என்று சொன்னால் புரியும்.

அப்புறம் உடன்பிறந்தவர்கள். யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதிவையுங்கள். நானும் தம்பியும் மாதச் செலவுக்கென்று தனிக் கணக்கு திறந்து, ஆறு மாதக் கட்டணத்தை எப்போதும் அதில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரின் உழைப்பையும் பங்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: கொண்டு விடும் நாள்

புதுச் சாமான் வாங்காதீர்கள். பழைய போர்வை, பழைய டம்ளர், சாமி படம் போதும். துணிகளில் பெயர் தைத்துவிடுங்கள். ஒரே ஒரு தாளில் அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள். நான் எழுதியது: "காபிக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை. இடது காது கேட்காது, வலப்பக்கம் வந்து பேசவும். குளிக்கக் கூப்பிட்டால் வரமாட்டார். தலைக்கு எண்ணெய் வைக்கலாம் என்றால் எழுந்து வருவார்." அந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்கள் அம்மாவிடம் போவதற்கு முன் அதைப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள்.