வலைப்பூ பாதியில் நிற்காமலிருக்க

வலைப்பூ தொடங்கப் போகிறவர்கள் முதல் பதிவை வெளியிடும் முன்பே நான்கு பதிவுகளை முழுதாக எழுதி வரைவில் போட்டு வைக்க வேண்டும். தொடங்கிய ஜோரில் வாரத்துக்கு மூன்று வரும். ஐந்தாவது வாரம் வீட்டில் ஒரு கல்யாணமோ, அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்போ வந்தால் ஒன்றும் வராது. அப்படி ஒரு மாதம் விட்டுப்போனால், 'இவ்வளவு நாள் கழித்து வருகிறோம், பெரிதாக ஏதாவது எழுதித்தான் வர வேண்டும்' என்று ஒரு கூச்சம் பிடித்துக்கொள்ளும். அந்தக் கூச்சத்திலேயே முடங்கிய வலைப்பூக்கள்தான் அதிகம். தாமிரபரணிப் பாசனக்காரர்களுக்கு இது புதுக் கணக்கு இல்லை. வரத்து இருக்கும் நாளில் கால்வாய் வழியே குளத்தை நிரப்பிக்கொண்டவருக்கு, ஆறு இளைத்த பிறகும் பிசான நெற்பயிர் கருகாது.

ஆகவே இருப்பு நான்கு. ஒன்றை வெளியிட்டதும் இன்னொன்றை எழுதிச் சேர்த்துவிடப் பாருங்கள். முடியாமல் இருப்பு இரண்டுக்குக் கீழே போனால் வெளியிடும் வேகத்தைக் குறையுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு பதிவு, 600 முதல் 800 சொல் போதும். மூன்று ஆண்டு ஓடினால் 78 பதிவு. ஒரு புத்தகத்துக்கு மேலேயே தேறும்.

பொருளைச் சுருக்குங்கள்

'நெல்லைச் சமையல்' என்று தலைப்பு வைத்தவருக்குப் பத்தாவது பதிவில் சரக்குத் தீர்ந்துவிடும். தேங்காய்ப்பாலில் காய் போட்டுச் செய்யும் குழம்பான 'சொதி'யை மட்டும் தலைப்பாக வைத்தவருக்கு அவ்வளவு சீக்கிரம் தீராது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அகலமாக எடுத்தால் எல்லாவற்றையும் மேலோட்டமாகத்தான் சொல்ல முடியும். மேலோட்டமாகச் சொன்னதை ஏற்கெனவே நூறு பேர் சொல்லியிருப்பார்கள்.

சொதியையே பிரித்துப் பாருங்கள். காயை மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றுவது ஏன்? கெட்டிப் பாலைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பும் நீரும் பிரிந்து திரிந்துவிடும். ஓரத்தில் நுரை கூடியதுமே இறக்க வேண்டும். இது ஒரு பதிவு. எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழிவது, பாசிப்பருப்பு எவ்வளவு குழைய வேண்டும் என்பது, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், மறுவீட்டு விருந்துக்கும் சொதிக்கும் உள்ள உறவு, விருந்துச் சமையல்காரர்களான தவசுப்பிள்ளைகள் 100 பேருக்குத் தேங்காய்க் கணக்குப் போடும் விதம் என்று ஒவ்வொன்றும் தனிப் பதிவு. இத்தனையையும் 'சொதி செய்வது எப்படி' என்று ஒரே பதிவில் கொட்டுகிறவர்தான் அடுத்த மாதம் எழுத ஒன்றுமில்லை என்கிறார்.

தொடக்க வரியும் இதே சங்கதிதான். 'நெல்லைச் சீமையின் பாரம்பரியமிக்க உணவு வகைகளுள் தனிச்சிறப்பு வாய்ந்தது சொதி' என்று ஆரம்பித்தால் படிக்கிறவர் அங்கேயே திரும்பிவிடுவார். 'சொதி திரிந்துபோனால் எலுமிச்சையைக் குறை சொல்லாதீர்கள், அடுப்பு எரியும்போதே பிழிந்தது யார் என்று பாருங்கள்' என்றால் அடுத்த வரிக்கு வருவார். எழுதி முடித்ததும் முதல் பத்தியை வெட்டிவிட்டுப் படித்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி சமயம் இரண்டாம் பத்திதான் உண்மையான தொடக்கமாக இருக்கும்.

'பாகம் 1, தொடரும்' என்று மட்டும் போடாதீர்கள். இரண்டாம் பாகம் கடனாகிவிடும். கடன் கழுத்தை நெரிக்கும்போது கடையையே சாத்திவிடத் தோன்றும்.

ஊர் நாட்காட்டி

எழுத ஒன்றும் தோன்றாத மாதத்துக்கு ஊர் கைகொடுக்கும். ஆனியில் நெல்லையப்பர் தேர், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயில், ஐப்பசியில் காந்திமதியம்மன் திருக்கல்யாணம், அதன்பின் கூந்தன்குளத்துப் பறவைகள், பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தா கோயில். இவற்றைத் திருநாளன்று எழுதினால் பிரயோசனமில்லை. வெளியூரில் இருக்கும் நம் ஆட்கள் சில வாரம் முன்னாலேயே தேடத் தொடங்குவார்கள். தேடுபொறியும் புதுப் பதிவை எடுத்துக் காட்ட நாளாக்கும். நான்கு வாரம் முன்பே வெளியிட்டுவிடுங்கள். ஆண்டுதோறும் புதுப் பதிவு போடாமல், அதே பதிவில் தேதியையும் மாறிய விவரத்தையும் திருத்துங்கள். வண்டியை எதுவரை விடுகிறார்கள் என்பதுபோல ஆண்டுக்கு ஆண்டு மாறுகிற விஷயம் எப்படியும் இருக்கும். பதிவின் இணைய முகவரிக்கு நீங்கள் கொடுக்கும் சொற்களில் ஆண்டைச் சேர்க்காமலிருந்தால்தான் இது சரிவரும்.

தலைப்பில் ஊரின் முழுப்பெயர் இருந்தால் உள்ளே பேச்சுப்பெயரும் ஒருமுறையாவது வரட்டும். அம்பாசமுத்திரத்தை அம்பை என்றும், பாளையங்கோட்டையைப் பாளை என்றும், சேரன்மகாதேவியைச் சேர்மாதேவி என்றும் தேடுகிறவர்கள் உண்டு.

வட்டார வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பேசுகிறவர் வாயில் 'சொல்லுதேன்', 'வாரேன்', 'அங்கன' வந்தால் ருசி. விளக்கம் முழுவதையும் அப்படியே எழுதினால் மதுரைக்காரருக்கே மூச்சு முட்டும்.

முகவரியும் படமும்

கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாக்கரில் தமிழ்த் தலைப்பு வைத்து அப்படியே வெளியிட்டால் முகவரியில் தலைப்பு வராது, 'பிளாக்-போஸ்ட்' என்றும் கூட ஒரு எண்ணும்தான் நிற்கும். முகவரியை உண்டாக்கும்போது அது ஆங்கில எழுத்துகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வெளியிடும் முன்பே வலப்பக்கம் உள்ள பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) பகுதியில் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து, மூன்று நான்கு சொல்லை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள். பிறகு மாற்ற வேண்டுமானால் பதிவை வரைவுக்குத் திருப்ப வேண்டும். ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பெல்லாம் செத்துவிடும்.

இன்னொரு வலைப்பூத் தளமான வேர்ட்பிரஸ்ஸில் தொல்லை வேறு மாதிரி. அது தமிழை ஏற்கும், ஆனால் ஒவ்வொரு குறியையும் ஒன்பது எழுத்தாக விரித்து எழுதிக்கொள்ளும். மொத்த எல்லை 200. ஆக 22 குறிக்கு மேல் வெட்டுப்படும். 'கொ' என்பதே 'க' ஒன்று, அதன் உயிர்க்குறி ஒன்று என இரண்டு குறி. அந்த இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பினால் திரை முழுக்கச் சதவீதக் குறிகள் நிற்கும், பார்க்கிறவர் வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார். இங்கேயும் ஆங்கில எழுத்தே நல்லது.

பத்தியை இருபுறமும் நேராக்கும் வசதியைத் தொடாதீர்கள். தமிழ்ச் சொல் நீளம், கைப்பேசித் திரை ஒடுக்கம், வரிக்குவரி ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். எழுத்தளவு 17 அல்லது 18 பிக்சல், வரி உயரம் அதைப்போல் 1.7 மடங்கு.

கைப்பேசியில் எடுத்த படம் நாலைந்து எம்பி இருக்கும். அகலம் 1200 பிக்சலுக்குக் குறைத்து, 200 கேபிக்குள் அடக்குங்கள். படத்தின் கீழே இடமும் தேதியும் கட்டாயம். தாமிரபரணி ஆற்றுக்குள் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் சூழ்ந்த படம் அடிக்கடி கண்ணில் படும். தேதி போடாவிட்டால் அது 1992-ஆ, 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த பெருமழையா என்று பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்குத் தெரியாது.

எண்ணிக்கைப் பைத்தியம்

எழுதும் ஆசையைக் கொல்வதில் முதலிடம் பார்வை எண்ணிக்கைக்குத்தான். பிளாக்கர் காட்டும் எண்ணில் தானியங்கி நிரல்களின் வருகையும் கலந்திருக்கும். உங்கள் வருகையும் உண்டு, 'என் பார்வைகளைக் கணக்கிடாதே' என்பதை இயக்கி அதையாவது கழியுங்கள். வாட்ஸப் வழியாக வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்பது பெரும்பாலும் பதிவாகாது.

தினமும் பார்க்காமல் மாதம் ஒருமுறை, தேடலில் உங்கள் பதிவு எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் கருவியில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: என்ன சொல் போட்டுத் தேடியபோது உங்கள் பதிவு எட்டாவது முதல் இருபதாவது இடத்துக்குள் வந்தும் யாரும் தொடவில்லை? அந்தச் சொல்லைத் தலைப்பில் சேர்த்து, அது கேட்கும் கேள்விக்கு முதல் இரண்டு பத்தியிலேயே விடை சொல்லுங்கள். புதுப் பதிவு எழுதுவதைவிட இதற்குப் பலன் சீக்கிரம். அடுத்து எதை எழுதுவது என்பதற்கும் அந்தப் பட்டியலிலேயே துப்பு இருக்கும்.

விளம்பர வருமானத்தை நம்பி உட்காராதீர்கள். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது என்பது சரிதான், ஆனால் சின்ன வலைப்பூவுக்கு அதில் டீச்செலவு தேறினாலே பெரிது.

எழுதும் நாளும் திருத்தும் நாளும் வேறாக இருக்கட்டும். எழுதும் நாளில் முடிக்கும்போது அடுத்த பதிவின் முதல் மூன்று வரியை அடித்துவிட்டு எழுந்திருங்கள். வெறும் திரையின் முன் உட்காருவதற்கும் பாதி வாக்கியத்தின் முன் உட்காருவதற்கும் நிறைய வித்தியாசம்.

கடைசியாகக் காப்புப் படி. 2019-இல் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ்ஸை மூடியபோது, அதோடு பிணைத்திருந்த பிளாக்கர் பின்னூட்டங்களும் சேர்ந்தே போயின. மாதம் ஒருமுறை அமைப்புகளுக்குப் போய்ப் பதிவுகளைக் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பில் எழுத்து இருக்கும், படங்கள் இருக்காது, படங்களின் இணைப்பு மட்டுமே இருக்கும். படங்களை ஆண்டு, மாதம் வாரியாகத் தனி அடைவில் வைத்து, இரண்டையும் ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை யாருக்கும் காட்டாத ஒரு சோதனை வலைப்பூவில் அந்தக் கோப்பை ஏற்றிப் பாருங்கள், திறக்காத கோப்பு என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும்.