ஆக்குபேஷனல் ஹெல்த் சந்திப்புக்குத் துணையோடு போகிறீர்களா?

பிரிட்டனில் ஒருவர் உடம்பு சரியில்லாமல் நீண்ட விடுப்பில் இருந்தால், நிர்வாகம் அவரை ஆக்குபேஷனல் ஹெல்த் (பணியிட உடல்நல) டாக்டரிடமோ நர்ஸிடமோ அனுப்புவது வழக்கம். அங்கே வைத்தியம் எதுவும் நடக்காது. இந்த வேலையை இவரால் செய்ய முடியுமா, என்ன வசதி செய்து கொடுத்தால் முடியும் என்று நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை போகும், அவ்வளவுதான். தனியாகப் போகத் தயங்கி யாரையாவது கூட்டிப் போவதில் தப்பே இல்லை. கூட்டிப் போகும் விதத்தில்தான் சிக்கல்.

பலர் இதை விசாரணை என்றே நினைத்துவிடுகிறார்கள். 1999ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உறவுகள் சட்டம் தரும், துணைக்கு ஒருவரை அழைத்துப் போகும் உரிமை, ஒழுங்கு நடவடிக்கை, புகார் விசாரணைகளுக்குத்தான். இந்தச் சந்திப்புக்கு அது பொருந்தாது. அதனால் வாசலில் நின்று "என் உரிமை" என்று வாதாடிப் பயனில்லை. தேதி வந்ததுமே, துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாமா என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். உடற்குறைபாட்டினாலோ மனநலப் பிரச்சினையாலோ துணை அவசியம் என்றால், 2010 சமத்துவச் சட்டத்தைக் காட்டிக் கேட்க இடமுண்டு.

நம் வீடுகளில் அதிகம் நடப்பது வேறு. டாக்டர் கேள்வி கேட்பார், கணவர் பதில் சொல்வார். "இவளுக்குத் தூக்கமே இல்லை டாக்டர்!" அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எப்படி உட்காருகிறீர்கள், எங்கே தடுமாறுகிறீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் டாக்டர் கவனிக்கிறார். துணைக்கு வருபவர் குறிப்பு எடுக்கட்டும். நீங்கள் மறந்ததைக் கடைசியில், டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

ஆங்கிலம் சரளமாக வராதென்று மகனை மொழிபெயர்க்கக் கூட்டிப் போவது இன்னும் சங்கடம். மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் ரத்தப்போக்கை எந்த அம்மா மகன் வாயால் சொல்ல வைப்பார்? பாதியை விழுங்கிவிடுவார், அறிக்கையிலும் பாதிதான் வரும். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கூட வேலை செய்பவரை அழைத்தால், உங்கள் மருத்துவ விவரம் முழுக்க அவர் காதில் விழும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். சில கேள்விகளுக்கு மட்டும் அவரை வெளியே இருக்கச் சொல்லலாம். சந்திப்பு போனிலோ வீடியோவிலோ என்றால், பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒளித்துவைத்துவிட்டு நடுவில் இருமல் கேட்டால் நம்பிக்கை போய்விடும்.

அப்புறம், அறிக்கையை அனுப்பும் முன் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். துணைக்கு வந்தவரின் குறிப்பு அப்போதுதான் கைகொடுக்கும்: தேதி, மருந்தின் பெயர், நீங்கள் சொன்ன வேலை நேரம் எல்லாம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்து, தவறிருந்தால் உடனே எழுதி அனுப்பலாம்.