சிவக்காத வீக்கம், தெரியாத மஞ்சள்: நிறத்தை நம்பிச் செய்யும் தவறுகள்

கீழக்கரையில் கல்யாண வீடு முடிந்த வாரத்தில் பெண்கள் விரல் நுனியெல்லாம் கறுத்துச் சிவந்திருக்கும். அந்த விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் அது சொல்லும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. கறுப்பு மருதாணி என்றால் இன்னும் மோசம். விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சித்தான் அந்தக் கருவி ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று பார்க்கிறது, சாயம் குறுக்கே நிற்கிறது. மருதாணியாவது சில வாரத்தில் மங்கிவிடும். தோலின் கறுப்பு மங்காது, அதுவும் அதே ஒளியைத்தான் மறிக்கிறது.

ஆக்சிமீட்டருக்குள் இரண்டு ஒளிகள் உண்டு: சுமார் 660 நானோமீட்டரில் சிவப்பு, 940-இல் அகச்சிவப்பு. இரண்டும் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதை ஒப்பிட்டுத்தான் அது சதவீதம் சொல்கிறது. தோலுக்குக் கறுப்பைத் தரும் மெலனின் கணக்கைக் கலைக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியவர்களின் தமனி ரத்தத்தையும் சோதித்தார்கள். உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. கருவி 90 என்றால் உண்மை 86 முதல் 94 வரை எங்கும் இருக்கலாம் என்று அதில் விளக்கியிருந்தது. அந்தச் சதவீதங்களை அப்படியே நம் ஊருக்குத் தூக்கிவைக்கக் கூடாது. பிழை எந்தப் பக்கம் சாயும் என்பது மட்டும் நமக்கும் பொருந்தும்: கறுத்த தோலில் கருவி உள்ளதைவிட நல்லதாகக் காட்டப் பார்க்கும்.

ஆகவே முதல் தவறு, “95 இருக்கு, பயமில்லை” என்று படுக்கவைப்பது. அளக்கும் முறையிலேயே சில பிழைகளைக் குறைக்கலாம். நகப்பூச்சை அழியுங்கள். பத்து விரலிலும் மருதாணி என்றால் கால்விரல், காதுமடல் என்று வேறு இடம் பாருங்கள். காதுக்குத் தனி கிளிப் வேண்டும், விரல் கருவியைக் காதில் மாட்டக் கூடாது. கடலிலிருந்து வந்தவர் கை சில்லிட்டிருக்கும், தேய்த்துச் சூடாக்கிவிட்டு ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். கடல்பாசி எடுக்கும் பெண்களின் விரல் நுனி பாறையில் கிழிந்து, துணி சுற்றியும் காய்ப்பேறியிருக்கும். காயம் குறைந்த விரலைத் தேர்ந்தெடுங்கள். கையை நெஞ்சோடு வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை ஒரு நிமிடமாவது பொறுங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணியதும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் ஆக்சிஜன் எண்ணும் குப்பைதான்.

ஒரே ஒரு எண்ணைவிட அது போகும் போக்கு முக்கியம். காலையில் 98, மாலையில் 94 என்றால் நான்கு புள்ளி இறங்கியிருக்கிறது, 94-ஐ “பரவாயில்லை” கணக்கில் சேர்க்காதீர்கள். கூடவே மூச்சை எண்ணுங்கள். மூச்சுக்கு நிறம் கிடையாது. முழு ஒரு நிமிடம், குழந்தை அழாதபோது எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டாலே கவனிக்க வேண்டும். பெரியவர் உட்கார்ந்த இடத்தில் 24-க்கு மேல் வாங்கினால் கருவி என்ன சொன்னாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல். பாம்பன் பாலம் தாண்டும்வரை யோசிக்க நேரம் இல்லை.

உதடு நீலமாகவில்லையே என்பதும் இதே ரகம். கறுத்த உதட்டில் நீலம் சாம்பல் பூத்தாற்போல் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. நாக்கையும் ஈறையும் உள்ளுதட்டையும் பாருங்கள்.

பச்சைக்குழந்தையின் மஞ்சள் காமாலை

குழந்தை கறுப்பு, அதனால் மஞ்சள் தெரியவில்லை. குழந்தை சிவப்பு, அதனால் மஞ்சளாகத் தெரிகிறது. இரண்டு வீட்டிலும் பாட்டிமார் சொல்வது இதுதான், இரண்டு இடத்திலும் ஏமாறலாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், மஞ்சளும் மாவும் பூசிக் குளிப்பாட்டுவதற்கு முன்னால், நெற்றியையோ மூக்கு நுனியையோ விரலால் அழுத்தி எடுங்கள். ரத்தம் விலகிய அந்த நொடியில் அடியில் உள்ள நிறம் தெரியும். அதைவிட நம்பகமானவை கண் வெள்ளை, ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, எந்த நாளிலும் உள்ளங்காலில் இறங்கியிருந்தாலோ, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ மஞ்சளுக்குக் காரணமான பிலிருபினை அளக்கும் ரத்தப் பரிசோதனை அன்றே வேண்டும். கண்ணால் பார்த்து “லேசா இருக்கு” என்று முடிவு சொல்வது, தேர்ந்த செவிலியருக்கே தவறிப்போகிற வேலை.

காலை வெயிலில் காட்டினால் போதும் என்பது கரையோரத்தில் நன்றாக ஊறிய பழக்கம். மருத்துவமனையில் கொடுப்பது குறிப்பிட்ட அலைநீளமுள்ள நீல ஒளி, மணிக்கணக்கில், அளந்து. திண்ணை வெயில் அதற்கு ஈடாகாது. குழந்தைக்கு உடம்பு காய்வதுதான் மிச்சம்.

கடல் புண்

மருத்துவப் புத்தகங்களில் தொற்றுக்கு முதல் அடையாளம் “சிவப்பு”. படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் காலில் அது சிவக்காது. கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும், சேற்றோடு சேர்ந்தால் அதுவும் தெரியாது. கண்ணை விட்டுவிட்டுக் கையை நம்புங்கள். புறங்கையால் இரண்டு காலையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள், எது சூடு? தோல் இழுத்துப் பளபளக்கிறதா, அழுத்தினால் குழி விழுகிறதா? வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். நாலைந்து மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் அது பரவுகிறது.

திருக்கை முள் குத்தினால் தாங்கும் அளவு வெந்நீரில், ஏறக்குறைய 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி வரை காலை வைக்க வலி தணியும். சூட்டைக் குத்துப்பட்டவர் பார்க்கக் கூடாது, வலியில் அவருக்குத் தெரியாது; பக்கத்தில் இருப்பவர் கைவிட்டுப் பார்க்கட்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ முள் ஆழ இறங்கியிருந்தால் பிடுங்காதீர்கள். டெட்டனஸ் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரை உள்ளவர், குடியால் கல்லீரல் கெட்டவர் இவர்களுக்குக் கடல்நீர் பட்ட புண்ணில் கொப்புளமும் காய்ச்சலும் வந்தால் கணக்கு நாளில் இல்லை, மணியில்.

இங்கேதான் “கடல்ல கெடக்குற உடம்பு, எதையும் தாங்கும்” என்ற பேச்சு வருகிறது. பாராட்டுப் போலத் தோன்றும் இந்தச் சொல் வலி மருந்தைக் குறைக்கும், தையலைத் தள்ளிப்போடும். 2016-இல் அமெரிக்காவில் வெள்ளை இன மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்ட ஆய்வில், கறுப்பினத்தவர் தோல் தடிமன் என்பதைப் போன்ற பொய்களில் ஒன்றையாவது சரி என்றவர்கள் பாதிப் பேர். அப்படி நம்பியவர்கள் கறுப்பினத்தவரின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். நம்மிடம் இனம் என்ற சொல் புழங்காது. சாதி, குப்பம், அகதி முகாம் என்ற பெயர்களில் அதே வேலை நடக்கும். வலி எவ்வளவு என்று பத்துக்கு எண் கேட்டு எழுதுங்கள், ஆளைப் பார்த்து ஊகிக்காதீர்கள்.

கால்குலேட்டரில் ஒரு கட்டம்

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் பழைய செயலிகளில் “கறுப்பினத்தவரா?” என்று ஒரு கட்டம் இருக்கும். நாம் கறுப்புத்தானே என்று அதில் டிக் அடித்துவிடாதீர்கள். 2009 சூத்திரம் அந்தக் கட்டத்துக்காக விடையை 1.159-ஆல் பெருக்கும். 52 என்று வர வேண்டியது 60 ஆகிவிடும், நோயாளி ஆரோக்கியமானவர் வரிசைக்குப் போய்விடுவார். அமெரிக்காவில் இந்தப் பெருக்கலால்தான் கறுப்பினத்தவர் பலர் மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பிந்தினார்கள். 2021-இல் இனம் இல்லாத புதுச் சூத்திரம் வந்துவிட்டது. அறிக்கையில் அதன் பெயர் “சி.கே.டி. எபி 2021” என்று இருக்கிறதா என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.

உடல் எடைக் குறியீட்டில் (பி.எம்.ஐ.) தவறு நேர்மாறானது. ஐரோப்பியருக்கு வைத்த 25 என்ற கோட்டை நாமும் பிடித்துக்கொண்டிருப்பது. நமக்கு 23-லேயே கவனம் தொடங்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோவும் உள்ளவர் 23.4, கோட்டைத் தாண்டிவிட்டார். இடுப்புச் சுற்றளவுக்கு வரம்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர்.

“வருத்தம்” என்றால் என்ன

மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருபவர் “வருத்தம்” என்றால் நோய் என்று பொருள், மனக்கவலை இல்லை. “சத்தி எடுக்குது” என்றால் வாந்தி. “முட்டு” என்றால் இழுப்பு. “சீனி வருத்தம்” சர்க்கரை நோய். ஒரே மொழிதானே என்ற தெம்பில் கேட்பவர், ஒரு வாரமாக வாந்தி எடுப்பவரின் சீட்டில் “சோர்வு” என்று எழுதி சத்து மாத்திரை கொடுத்து அனுப்ப முடியும். புரியாத சொல்லை அவர் சொன்னபடியே சீட்டில் எழுதி, “எங்க, எப்பலேருந்து, காட்டுங்க” என்று கேட்டுவிடுங்கள். முகாமில் இருப்பவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய் என்ற வரம்பு பொருந்தாது. கவுண்டரில் வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பினால் அது தவறு. 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

வராதவருக்கு நோயில்லை என்று எண்ணுவது

அமெரிக்காவில் ஒரு கணினி நிரல், யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்பதை அவர்கள் மருத்துவத்துக்குச் செலவான பணத்தை வைத்து முடிவு செய்தது. கறுப்பினத்தவருக்குச் செலவு குறைவாக ஆகியிருந்தது, நோய் குறைவாக இல்லை. 2019-இல் அதைச் சோதித்தவர்கள், பிழையைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவர் பங்கு 17.7-இலிருந்து 46.5 சதவீதமாகும் என்று காட்டினார்கள். புறநோயாளிச் சீட்டை எண்ணி எந்த ஊருக்கு மருத்துவ முகாம் போடுவது என்று முடிவு செய்தால் நாமும் அதையே செய்கிறோம். பாசிக்குப் போகும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் விடியலிலேயே கடலில் இருப்பார்கள். காலை நேரப் புறநோயாளிப் பிரிவு அவர்களுக்கு இல்லாததற்குச் சமம். முகாமை அஷ்டமி, நவமி பக்கம், மாலையில் வையுங்கள். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம்: 61 நாள் ஆண்கள் கரையில், வலை கட்டிக்கொண்டு, படகுத்துறையிலேயே இருப்பார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க மேசையை அங்கே போடுங்கள்.