துருப்பிடிக்கிற ஊரில் நூலுக்குச் சாயம் போடுவது எப்படி

போன தை மாதம் சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்த பெயர் கீழக்கரை லாத்தா (எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள்). நாங்கள் மொத்தம் ஆறு பேர். ராமேசுவரத்தில் இருவர், தேவிபட்டினத்திலும் பரமக்குடியிலும் ஒவ்வொருவர், கீழக்கரையில் லாத்தா, மண்டபத்தில் நான். ஊசியோ கொக்கியோ கையில் இல்லாமல் யாருக்கும் சும்மா உட்காரத் தெரியாது. வருடத்துக்கு ஒரு முறை பெயர்களை எழுதிக் குலுக்குவோம். யார் பெயரை எடுக்கிறோமோ அவருக்கு ஏதாவது பின்னிக் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கிய கலர் நூல் கூடாது, சாயமும் நம் கையால் போட்டதாக இருக்க வேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்த விதி. அதைச் சொன்னதே நான்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கடுகு மஞ்சளில் போடலாம் என்று 300 கிராம் நூலை எடுத்து வைத்து, ஒரு வாரம் மெனக்கெட்டேன். காய்ந்த நூலைக் கையில் எடுத்தால், சிட்டத்துக்குச் சிட்டம் (சுற்றிக் கட்டிய நூல் வளையம்தான் சிட்டம்) ஒரே இடத்தில் கறுப்புத் திட்டு. யாரோ மை தொட்ட விரலால் கிள்ளி வைத்த மாதிரி. அலசினேன், போகவில்லை. சோப்புப் போட்டேன், இன்னும் கறுத்தது. திரும்ப 100 கிராம் போட்டேன், திரும்பவும் அதே திட்டு. காரணம் பிடிபட மூன்று வாரம் ஆனது. நீங்கள் அந்த மூன்று வாரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கண்ணி ஏற்றவும், நேர்ப்பின்னலும் தெரிந்தால் போதும்.

நூல்

உல்லன் நூல் எங்கள் ஊருக்கு ஆகாது. மார்கழியிலும் விசிறியைத் தேடுகிற ஊர் இது. பருத்திதான். வெளுக்காத, பசை போடாத கோரா நூலாக வாங்குங்கள். பரமக்குடியில் தறிக்காரர் வீட்டில் கேட்டபோது, "எங்ககிட்ட இருக்கிறது சேலை நூல்மா, அது மயிரிழை. துண்டு, போர்வை நெய்யிற நம்பர் கேளுங்க" என்றார் அந்த அக்கா. அவர் சொன்னபடி மதுரையில் இரண்டு இழை முறுக்கிய 20-ஆம் நம்பர் நூல் வாங்கினேன்.

நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. 840 கெஜச் சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அதுதான் நம்பர். இரண்டிழை 20-ஆம் நம்பர் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். அதில் எட்டு நூலைச் சேர்த்துப் பிடித்தால் 4 மில்லிமீட்டர் ஊசிக்குச் சரியான கனம் வரும். 100 கிராமில் 210 மீட்டர் கிடைக்கும். எட்டையும் சேர்த்து நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடத்தில் துண்டு நூலால் ‘8’ போலக் கட்டுங்கள். கட்டு தொளதொளவென்று இருக்கட்டும். இறுக்கினால் கட்டுக்குள் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும்.

இனி சொல்கிற அளவெல்லாம் 100 கிராம் நூலுக்கு.

அவித்தல்

அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் நூல் முங்கத் தண்ணீர் விட்டு, 10 கிராம் சலவை சோடாவும் கொஞ்சம் சோப்புத் திரவமும் கலந்து ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். வெள்ளையாகத் தெரிகிற நூலுக்குள் இவ்வளவு எண்ணெயும் மெழுகுமா என்று இருக்கும். தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டால் சாயம் மேலோடு நின்றுவிடும்.

சாயப் பாத்திரம் தனி, சமையல் பாத்திரம் தனி. இரும்புச் சட்டி கிட்டவே வரக்கூடாது. ஏன் என்று வருகிறேன்.

தண்ணீர்

இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் வரும். ஊருணித் தண்ணீர் நல்ல தண்ணீர், ஆனால் கலங்கலாக இருந்தால் ஒரு இரவு தெளிய வைக்க வேண்டும். எது நூலுக்கு ஆகும் என்று பார்க்க ஒரு சின்ன சோதனை போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் கால் ஸ்பூன் கடுக்காய்த் தூளைப் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். மஞ்சளாக இருந்தால் நல்லது. நீலக் கறுப்பாக மாறினால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, அது வேண்டாம்.

சுண்ணாம்புச் சத்து மிஞ்சிய கடினத் தண்ணீர் எல்லாச் சாயத்துக்கும் எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. எங்கள் மணல் காட்டில் இம்பூறல் தானாக முளைக்கும். சாயவேர் என்பதும் அதுதான். சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பு ஏற்றியது அந்த வேர். அதில் இருக்கிற அலிசரின் என்கிற சாயப்பொருள், படிகாரத்தோடும் சுண்ணாம்புச் சத்தோடும் சேரும்போதுதான் நல்ல சிவப்பாக நிற்கும். நாம் திட்டுகிற தண்ணீர் அந்த வேருக்கு அமிர்தம். 1868-இல் ஜெர்மனியில் அலிசரினைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள், வேர் தோண்டுகிற பிழைப்பு அதன் பிறகு தேய்ந்தது. ஆசைப்பட்டு மண்வெட்டியோடு கிளம்பாதீர்கள். வேரைப் பிடுங்கினால் செடியே போய்விடும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற இம்பூறல் பொடியில் பெரும்பாலும் இலையும் தண்டும்தான் இருக்கும், அது சிவக்காது. முதல் தடவைக்கு மாதுளைத் தோல்தான் நல்லது.

கடுக்காய்

20 கிராம் கடுக்காய்த் தூள், கொட்டை நீக்கியது. வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, ஈர நூலை அதில் ஒரு இரவு முக்கி வையுங்கள். பருத்திக்குப் படிகாரம் நேராக ஒட்டாது, நடுவில் இந்தத் துவர்ப்பு வேண்டும். காலையில் அலசாமல் பிழிந்து, உதறி, நிழலில் காயப்போட வேண்டும்.

நான் கவிழ்ந்தது இந்த இடத்தில்தான்.

எங்கள் வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கச்சான் காற்று வீசினால் சன்னல் கம்பி, கதவுக் கொண்டி, சைக்கிள் செயின், தையல் மெஷின் ஊசி எதுவும் மிஞ்சாது. மொட்டை மாடிக் கொடி கட்டுக்கம்பி. மேலே பிளாஸ்டிக் உறை இருந்தது, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. உறை வெடித்த இடங்களில் உள்ளே துரு. கடுக்காயில் இருக்கிற டானின் என்கிற துவர்ப்புச் சத்து இரும்பைத் தொட்டதும் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் எழுதுகிற மையைக் கடுக்காயும் இரும்பும் சேர்த்துத்தான் காய்ச்சினார்கள். நான் என் நூலில் மை காய்ச்சியிருக்கிறேன். ஒவ்வொரு சிட்டத்தையும் கொடியில் மடித்துப் போட்ட அதே இடத்தில் திட்டு இருந்ததற்கும் அதுதான் காரணம். இரண்டாவது தடவை கொடியை மாற்றினேன், ஆனால் கிளிப் மாட்டினேன். கிளிப்புக்குள் இருக்கிற ஸ்பிரிங் என்னத்தால் ஆனது என்று யோசிக்கவில்லை.

இப்போது நான் காயப்போடுவது வலைக்காரர்கள் போடுகிற நைலான் கயிற்றில். கடற்கரைக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், உப்புக் காற்றில் கிடந்தாலும் துருப்பிடிக்காது. கிளிப் கிடையாது, கயிற்றில் கோத்து விட்டால் போதும். பனை மட்டையும் நல்லது, ஆனால் செதுக்கிய கருக்கில் நூல் மாட்டும். வாளியின் கைப்பிடிக் கம்பியைப் பாருங்கள். கையில் இரும்புக் காப்பு இருந்தால் கழற்றி வையுங்கள்.

படிகாரமும் சாயமும்

20 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, காய்ந்த கடுக்காய் நூலை நனைத்து அதில் போட்டு இன்னொரு இரவு. பிறகு ஒரு முறை மட்டும் லேசாக அலசுங்கள்.

மாதுளைத் தோல் காய்ந்தது 100 கிராம். ஜூஸ் கடையில் சொல்லி வைத்தால் பை பையாகத் தருவார்கள். முதல் நாள் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, இரண்டு முறை வடிகட்டுங்கள். தோல் துணுக்கு ஒட்டிய இடம் புள்ளியாக நிற்கும். இந்தச் சாற்றில் நூலைப் போட்டு, தளதளவென்று கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம். அவ்வப்போது புரட்டுங்கள். அடுப்பை அணைத்து அதிலேயே ஆறவிடுங்கள். நான் கொல்லையில் சீமைக்கருவேல விறகுதான் வைக்கிறேன். அந்த மரத்தைத் திட்டாத ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை, ஆனால் நின்று எரிவதில் அதற்கு ஈடு கிடையாது.

கெட்டுப்போன நூலை என்ன செய்வது

தூக்கிப் போட மனசு வரவில்லை. திட்டை அழிக்க முடியாது என்றால் எல்லாவற்றையும் திட்டாக்கிவிட வேண்டியதுதான். ஒரு பிடி துருப்பிடித்த ஆணி, 100 கிராம் சாயல்குடி கருப்பட்டி, ஒரு லிட்டர் தண்ணீர். மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி இரண்டு வாரம் நிழலில் வைத்தேன். நாற்றம் கொஞ்சம் இருக்கும். கலம்காரிக்காரர்கள் கறுப்பு எடுப்பது இதே முறையில்தான். இந்தத் தண்ணீரில் இரண்டு ஸ்பூனை அரை வாளி நல்ல தண்ணீரில் கலந்து, நூலை முக்கி அரை நிமிடத்தில் எடுத்துவிட்டேன். மஞ்சள் கண் முன்னால் பாசிச் சாம்பலாக மாறியது, மழைக்கு முன்னால் பாக் நீரிணை இருக்கிற நிறம். அதிகம் ஊறவிடாதீர்கள், இரும்பு மிஞ்சினால் பருத்தி இற்றுப்போகும். எடுத்தவுடன் நன்றாக அலசுங்கள்.

கடைசியில் லாத்தாவுக்குப் போனது அந்தச் சாம்பல்தான். 40 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நேர்ப்பின்னல், சதுரம் ஆகிற வரை. ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலக் கைத்துணி, 100 கிராமில் இரண்டு வரும். எட்டு நூலும் முறுக்கில்லாமல் கிடப்பதால் ஊசி நடுவில் பிளந்துகொண்டு போகும். கூர் மழுங்கிய ஊசி எடுங்கள். மூங்கில் ஊசியை எல்லாரும் புகழ்கிறார்கள். எங்கள் புழுக்கத்தில் கை வியர்த்து, பருத்தி அதில் ஒட்டிக்கொண்டு நகராது. எனக்கு அலுமினியம்தான்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு தேவிபட்டினத்துத் தோழி போன் செய்தார். நைலான் கயிறு, எவர்சில்வர் பாத்திரம், தண்ணீர்ச் சோதனை எல்லாம் செய்தும் பின்னிய துணியில் பொடிப் பொடியாகக் கறுப்பு. கொக்கியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பழைய குரோஷா கொக்கி, கழுத்தில் முலாம் தேய்ந்து உள்ளே இரும்பு. வியர்வைக் கையோடு சேர்ந்து அதுவும் மை காய்ச்சியிருக்கிறது. முலாம் போன கொக்கியைக் கடுக்காய் நூலுக்கு எடுக்காதீர்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: துவைக்கும்போது சாயம் போகிறதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முதல் இரண்டு அலசலில் கொஞ்சம் போகும். துணி சோப்பு வேண்டாம், அதன் காரத்தில் மஞ்சள் பழுப்பாகிறது. காரமில்லாத குளியல் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு, நிழல் உலர்த்தல்.

லாத்தாவுக்குக் கைத்துணியைப் பனையோலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்தேன். கொட்டானை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் அவருக்கு இல்லை. தொதல் (தேங்காய்ப்பாலில் கிண்டுகிற அல்வா மாதிரி இனிப்பு) வைத்து, எனக்கென்று அவர் சாயம் போட்ட ஒரு சிட்டம் நூலையும் அதன் மேலேயே வைத்து அனுப்பினார். பஸ் வந்து சேர்வதற்குள் தொதலின் தேங்காய் எண்ணெய் பாதிச் சிட்டத்தில் இறங்கியிருந்தது. இப்போது அது சலவை சோடாவில் கொதித்துக்கொண்டிருக்கிறது. நூலையும் தொதலையும் ஒரே கொட்டானில் வைக்காதீர்கள்.