குக்கர் வெடித்துக் காயம் பட்டால் நஷ்டஈடு கேட்பது எப்படி?

முதலில் ஆஸ்பத்திரி. காயம் எப்படி வந்தது என்று அங்கே கேட்கும்போது ‘குக்கர் வெடித்தது’ என்று சொல்லி, அதைச் சீட்டிலும் எழுத வையுங்கள்.

அப்புறம் அந்தக் குக்கர். கழுவாதீர்கள், பழைய இரும்புக்குப் போடாதீர்கள், முக்கியமாக, கடைக்காரர் “கொடுங்க, கம்பெனிக்கு அனுப்பிப் புதுசு வாங்கித் தரேன்” என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் பொருளே இல்லையென்றால் எதை அனுப்புவார்கள்? மூடி, வெயிட், கேஸ்கெட், சேஃப்டி வால்வு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பில்லோடும் கையேட்டோடும் ஒரு பெட்டியில் கட்டி வையுங்கள். கேஸ்கெட்டை வெளியே வாங்கி மாட்டியிருந்தால் கம்பெனி வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார், பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யார் பொறுப்பு? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 82 முதல் 87 வரையான பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ கோளாறு, அல்லது ஆபத்தைப் பற்றிப் போதுமான எச்சரிக்கை இல்லை என்றால் தயாரிப்பாளர் பொறுப்பு. தயாரித்தது யாரென்றே தெரியாத சரக்கு என்றால் விற்ற கடைக்காரரே மாட்டுவார். காயம், மன உளைச்சல், வீட்டில் மற்ற பொருட்களுக்கு வந்த சேதம் எல்லாம் கேட்கலாம். குக்கரின் விலை மட்டும் இந்தப் பிரிவுகளில் வராது, பழுதான பொருளுக்கான வழக்கமான புகாராக அதைக் கேட்க வேண்டும்.

தயாரிப்பாளர், கடைக்காரர் இருவருக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள். மசியவில்லையா, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கம்பெனி டெல்லியில் இருந்தாலும் சரி. வக்கீல் கட்டாயமில்லை. பலருக்குத் தெரியாத விஷயம், கட்டணத்தைக் கணக்கிடுவது நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்தல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. அதனால் 2,000 ரூபாய்க் குக்கருக்காகப் பத்து லட்சம் கேட்டாலும் ஒரு பைசா கட்ட வேண்டாம், ஆனால் கேட்கும் தொகைக்கு ஆஸ்பத்திரி பில், சம்பள இழப்பு என்று ஆதாரம் வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசலாம், சில கம்பெனிகள் அதிலேயே வழிக்கு வந்துவிடும். அதற்காக ஆணையத்துக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், புகாருக்கான கெடு இரண்டு வருடம்தான்.