கற்பனைப் பாதையில் கோச்சி ஓட்டுவோம்: நாலு பேருக்கு முதல் நாள்

மாதிரி ரயிலை வட்டமாகச் சுற்றவிட்டால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். நாலு பேர் ஆளுக்கொரு வேலையோடு ஓட்டினால் இரண்டு மணித்தியாலம் போவதே தெரியாது. திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

முதலில் பாதைக்கு ஒரு கதை வேண்டும். நிஜப் பாதை கல் ஓயாவில் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக வந்து திருகோணமலையில் முடிகிறது. சீனக்குடாவில் ஒரு கிளை பிரிந்து கிண்ணியா, மூதூர் வரை போயிருந்தால்? அந்தக் கிளைதான் எங்கள் பாதை. இப்படி இல்லாத பாதையை உருவாக்குவதை ப்ரீலான்ஸ் என்பார்கள். பாதை கற்பனையாக இருக்கலாம், சரக்குக்குக் காரணம் வேண்டும். சீனக்குடாவில் மா ஆலை இருக்கிறது, அதனால் மா போகிறது. மூதூரில் வயல் இருக்கிறது, அதனால் நெல் வருகிறது.

அடுத்து, ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை. அட்டையில் ஒரு சிறு பை ஒட்டி, போகவேண்டிய இடம் எழுதிய சீட்டைச் செருகுங்கள். சீட்டின் இரு பக்கமும் மேலும் கீழுமாக நாலு இடங்கள் எழுதலாம். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் சீட்டைத் திருப்பினால் அடுத்த வாரத்துக்குப் புது வேலை தயார்.

ஆட்களைப் பிரிப்பது இப்படி: ஒருவர் கட்டுப்பாடு (வண்டிகளுக்கு வழி விடுபவர்), ஒருவர் சீனக்குடா யார்ட் (வேகன்களைப் பிரித்து அடுக்கும் இடம்), மற்ற இருவர் டிரைவரும் கார்டும். புதியவரை டிரைவராக்கி, பழகியவரைக் கார்டாகப் போடுங்கள். எந்த வேகனை எங்கே விடுவது என்று கார்ட் சொல்வார், புதியவர் கை பழகினால் போதும்.

இனி ஆள் கூடி இரண்டாவது வண்டி வரும்போது கவனம் வேண்டும். எங்கள் நாட்டின் பல ஒற்றைப் பாதைகளில் டேப்லெட் (அந்தத் துண்டுப் பாதையில் போக அனுமதி தரும் உலோக வில்லை) கைக்கு வராமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்பட முடியாது. நாங்கள் அதற்குப் பழைய வளையல் வைத்திருக்கிறோம், ஒரு துண்டுப் பாதைக்கு ஒன்று. கையில் வளையல் இல்லையா, வண்டி நகராது. வாயால் சொன்னால் போதும் என்று நினைத்த ஒரு நாள் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நடுவில் இரண்டு எஞ்சின் முகத்தோடு முகம் மோதின. ஒன்றின் கொக்கி உடைந்தே போனது. அதற்கப்புறம் வளையலை நாங்கள் விட்டதில்லை.

ஷன்டிங்தான், அதாவது வேகன்களைக் கழற்றி, இடம் மாற்றி, கோர்ப்பதுதான் உயிர். அதைத் தனியாகப் பழக இங்கல்நூக் என்ற புதிர் இருக்கிறது: 5, 3, 3 வேகன் பிடிக்கும் மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் பக்கப் பாதை), இழுத்து எடுக்க எஞ்சினோடு மூன்று வேகன் நிற்கும் ஒரு துண்டு. எட்டு வேகனில் ஐந்தைக் குலுக்கி எடுத்து, அதே வரிசையில் கோர்க்கவேண்டும். 6720 வரிசைகள் வரும். ஒரு பலகையில் அடங்கிவிடும் இதை முதலில் செய்து பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

நேர அட்டவணைப்படி ஓட்டச் சிலர் வைக்கும், நிஜ நேரத்தைவிட வேகமாக ஓடும் கற்பனைக் கடிகாரம் முதல் நாளில் வேண்டாம்.

ஓட்டும் முன் தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடையுங்கள். கடற்காற்று இருக்கும் ஊரில் இதைத் தவறவிட்டால் எஞ்சின் விக்கி விக்கி ஓடும்.

முடிந்ததும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, தடம்புரண்ட வேகன்களின் அட்டையில் என்ன கோளாறு என்று எழுதி, அவற்றைப் பழுதுப் பெட்டியில் போட்டுவிட்டு, மிச்சச் சீட்டுகளைத் திருப்பி வையுங்கள்.