டைட்டஸ்வில்லில் நின்று ராக்கெட் பார்க்க

நாசாவின் விண்வெளி ஓடமான ஸ்பேஸ் ஷட்டில் கடைசியாகக் கிளம்பியது 2011 ஜூலை 8. ஆனாலும் ஃபுளோரிடா வரும் சொந்தக்காரர்கள் இன்றும் என்னிடம் கேட்பது, "ராக்கெட் பார்க்க எங்கே நிக்கணும்?" என்றுதான். ஷட்டில் காலத்தில் நான் நின்ற இடத்தையே சொல்கிறேன்: டைட்டஸ்வில், இந்தியன் ரிவர் கரை.

எதிர்க்கரையில், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி, கென்னடி விண்வெளி மையத்தின் 39ஏ, 39பி ஏவுமேடைகள். ஷட்டில்கள் எல்லாம் புறப்பட்டது இந்த இரண்டிலிருந்துதான். 2022 நவம்பரில் நாசாவின் நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ் 1 கிளம்பியதும் 39பி-யில்தான். எந்த மேடை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 40, 41 என்றால் அவை தெற்கே இருப்பவை, போர்ட் கனாவரல் பக்கம் ஜெட்டி பார்க்குக்குப் போங்கள். பிளாயாலிண்டா கடற்கரை இன்னும் கிட்ட. ஆனால் இரவில் மூடிவிடுவார்கள்.

ஒரே ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு வர வேண்டாம். ஃபுளோரிடாவில் கோடைக்கால மாலை என்றாலே இடி மின்னல்தான். விண்வெளி நிலையத்துக்குப் போகும் ராக்கெட் என்றால், நிலையத்தின் சுற்றுப்பாதைக்கு நேராக மேடை வரும் அந்தக் கணத்தில் கிளம்பியாக வேண்டும். மேகம் குறுக்கே நின்றால் அன்றைக்குப் போச்சு. இரண்டு மூன்று நாள் கையில் இருக்கட்டும்.

கொசு மருந்து, தண்ணீர், மடக்கு நாற்காலி, பைனாகுலர் போதும். கரைக்குச் சீக்கிரமே வந்துவிடுங்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். வெளிச்சம் முதலில் வரும், சத்தமே இருக்காது. தீப்பிழம்பு மேலே ஏறிக்கொண்டே போகும், ஆற்றுத் தண்ணீரில் அதன் நிழல் நீளும். அரை நிமிடத்தில் பலர் "அவ்வளவுதானா" என்று போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள்! 20 கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் வேண்டும். முதலில் தரையோடு ஒரு உறுமல். அப்புறம் கெட்டித் துணியை நீளக் கிழிப்பதுபோலப் படபடவென்று வெடிக்கும், அது காதை விட நெஞ்சில்தான் தெரியும். ஷட்டிலின் இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள் (மேலே உந்தும் துணை ராக்கெட்டுகள்) எழுப்பிய அந்தச் சத்தத்தை இன்றைய ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் எட்டாது என்பது என் கருத்து. கூட்டமே வாயடைத்து நிற்கும். குழந்தைகளுக்கு மட்டும் காது மூடி கொண்டுவாருங்கள்.

முடிந்ததும் ஓடாதீர்கள், சாலை எப்படியும் நகராது. ஃபால்கனின் பூஸ்டர், அதாவது அதன் கீழ்ப்பகுதி, கிளம்பிய கேப் கனாவரல் பகுதிக்கே திரும்புவதாக இருந்தால், கிளம்பிய எட்டாவது நிமிடம் வாக்கில் அது இறங்குவதைப் பார்க்கலாம். தொடர்ந்து, அது ஒலியை விட வேகமாக வந்ததால் எழும் வெடிச்சத்தம் (சோனிக் பூம்) வந்து ஜன்னல்களை ஆட்டும்.